போவது லேசு, குடியேறுவது வேறு

"மாமா, வெளிநாட்டுல போய்க் குடியேறுறது லேசா, கஷ்டமா? ஒரு சொல்லுல சொல்லுங்க."

தங்கச்சியின் மூத்த மகன் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து கேட்ட கேள்வி இது. அவனுக்கு வயது 38. கையில் இரண்டு கடதாசிகள் வைத்திருந்தான். ஒன்று, சவூதிக்கு 'ஃப்ரீ விசா' எடுத்துத் தருவதற்கு ஊர் சப் ஏஜன்ட் ஒருவர் எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கு. மற்றது, மாணவர் விசாவில் கனடாவுக்கு அனுப்புவதற்குக் கொழும்பு முகவர் ஒருவர் கொடுத்த கணக்கு. எதற்குப் போவதானாலும் மனைவியின் பெயரிலிருக்கும் வளவை விற்க வேண்டும்.

நான் ஒரு சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காதி நீதிமன்றக் கட்டளை என்று வெளிநாடு போக இருப்பவர்கள் கொண்டுவரும் கடதாசிகளை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். போனவர் யார், திரும்பியவர் யார், அங்கேயே தங்கியவர் யார் என்பதை இருபது வருடத்துக்கு மேலாக இந்த மேசையிலிருந்தே பார்த்து வருகிறேன். அப்படியிருந்தும் அவனுக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவன் கேட்டதற்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒரு நாட்டுக்குள் போவது ஒரு விடயம். அந்த நாட்டில் குடியேறுவது இன்னொரு விடயம். எம்மை லேசாகக் கூப்பிடும் நாடுகள் எம்மைத் தங்க விடுவதில்லை. தங்க விடும் நாடுகள் லேசாகக் கூப்பிடுவதில்லை. நாமோ இரண்டையும் 'வெளிநாடு போறது' என்ற ஒரே சொல்லால்தான் சொல்லி வருகிறோம். அந்தக் குழப்பத்தால் எமது குடும்பங்கள் இழந்தது கொஞ்சமல்ல.

லேசான வாசல்

எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபோது வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1977க்குப் பிறகு எமது நாட்டின் பொருளாதாரமும் திறந்து விடப்பட்டது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவானது. எங்கள் பக்கத்தில் இன்றும் 'பியூரோ' என்றால் அதுதான். அந்தக் காலத்தில் எழுத்து வாசிப்புக் குறைந்தவரும் போகலாம், பட்டதாரியும் போகலாம். கடவுச்சீட்டு, மெடிக்கல், விசா, டிக்கட் இருந்தால் போதும். புள்ளிக் கணக்கு இல்லை, ஆங்கிலப் பரீட்சை இல்லை.

தங்கச்சியின் புருஷன், என் மச்சான், 1983இல் அப்படிப் போனவர். தமாமில் ஒரு களஞ்சியத்தில் வேலை. 27 வருடம் இருந்தார். 27 தடவையும் இக்காமாவைப் புதுப்பித்தார். அந்த 27 வருடத்தில் ஒருநாள்கூட அந்த நாட்டில் அவருக்கு நிரந்தரமாக இருக்கும் உரிமை இருக்கவில்லை. வேலை இருக்கும்வரை அனுமதி, அனுமதி இருக்கும்வரை வேலை. அவ்வளவுதான். 2010இல் திரும்பும்போது சேவைக்காலக் கொடுப்பனவு கிடைத்தது. அந்நாட்டுத் தொழிற் சட்டப்படி முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம், பிறகு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். அது இரண்டு குமர்களுக்கு வீடு கட்டி முடிக்கப் போதவில்லை. ஓய்வூதியம் என்று ஒன்றும் இல்லை. மிச்சமாக வந்தது சீனி வருத்தமும் கொஞ்சம் அறபும்.

அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிழக்கிலே எத்தனையோ வீடுகளும் பள்ளிவாசல்களும் அந்தக் காசில்தான் எழும்பின. நாடும் அதில்தான் தாக்குப்பிடிக்கிறது. 2023இல் வெளிநாட்டிலிருந்து உழைத்து அனுப்பியவர்களின் காசு கிட்டத்தட்ட 600 கோடி டொலர். ஆனால் மச்சான் குடிபெயரவில்லை. 27 வருடம் வேலைக்குப் போய்வந்தார். அவர் மட்டுமல்ல, அங்கே பிறந்த பிள்ளைக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது.

கஃபாலா என்ற சொல்

இதற்குக் காரணம் 'கஃபாலா' எனப்படும் பொறுப்பாளர் முறை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கஃபீல் உண்டு. அந்த நாட்டில் தொழிலாளி இருப்பதற்கான சட்டரீதியான அனுமதி அந்த மனிதருடன் கட்டப்பட்டிருக்கிறது. கஃபீலை விட்டு விலகினால் 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவர் என்று முறைப்பாடு பதியலாம். அந்தப் பதிவோடு அவர் சட்டவிரோதமானவராகி விடுவார்.

எமக்கு இந்தச் சொல் புதிதல்ல. மார்க்கத்தில் கஃபாலா என்றால் பொறுப்பேற்றல், பிணை நிற்றல். அநாதையைப் பொறுப்பேற்பவரைக் குறிக்கவும் நபிமொழியில் இதே வேரிலிருந்து வந்த சொல்தான் இருக்கிறது. பலவீனமானவரைத் தாங்குவதற்கு வந்த சொல் பலவீனமானவரைக் கட்டிப்போடும் முறைக்குப் பெயராகிப்போனது எமது காலத்தின் கதை.

முறை மாறாமலும் இல்லை. கட்டார் 2018இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு வெளியேறும் அனுமதியைத் தேவையற்றதாக்கியது. 2020இல் வேலை மாறுவதற்கு முதலாளியின் சம்மதம் வேண்டும் என்ற விதியையும் நீக்கியது. சவூதியிலும் 2021 மார்ச்சில் வேலை மாற்றம் இலகுவாக்கப்பட்டது. ஆனால் வீட்டுப் பணியாளர்களும் வீட்டுச் சாரதிகளும் அந்தச் சீர்திருத்தத்துக்குள் வரவில்லை. எமது ஊர்களிலிருந்து போகும் பெண்களில் அதிகமானோர் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நீண்ட கால வதிவிடமும் இப்போது உண்டு. 2019இல் சவூதி பிரீமியம் வதிவிட அனுமதியை அறிமுகப்படுத்தியது. காலவரையற்ற அனுமதிக்குக் கட்டணம் 8 இலட்சம் ரியால். அதே வருடம் ஐக்கிய அரபு இராச்சியம் முதலீட்டாளர்களுக்கும் விசேட திறமையாளர்களுக்கும் கோல்டன் விசா கொடுக்கத் தொடங்கியது. களஞ்சியத்தில் மூட்டை தூக்குபவருக்கு இதில் எதுவும் எட்டாது.

குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனவர்களின் கணக்கையும் பார்ப்போம். 2017 ஜூலையில் சவூதி, தங்கியிருக்கும் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் வரி விதித்தது. வருடாவருடம் 100 ஆகக் கூட்டி 2020இல் 400 ஆக்கியது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் வருடத்துக்கு 19,200 ரியால். அந்த வருடங்களில் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பத்திரங்களையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

என் மருமகனும் இதை அறியாதவனல்ல. 2008இல் ரியாதுக்குப் போய் கைத்தொலைபேசிக் கடையில் நின்றவன். 2016 செப்டம்பரோடு அந்தத் துறை முழுவதும் சவூதிக் குடிமக்களுக்கு என்றானது. 8 வருட அனுபவம் ஒரே அறிவித்தலில் செல்லாததாயிற்று. இப்போது அவனுக்குக் காட்டப்படும் 'ஃப்ரீ விசா' அதைவிட மோசம். பெயருக்கு ஒரு கஃபீலின் கீழ் விசா. வேலையை வெளியில் தேடிக்கொள்ள வேண்டும். அது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் நாடுகடத்தல். "இதில ஃப்ரீ எண்டு என்ன மகன் இரிக்கி?" என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

வாசல் லேசானதால் வந்த வினை

மூதூர் ரிசானா நபீக்கை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1988இல் பிறந்தவர். 2005இல் சவூதிக்குப் போகும்போது வயது 17. கடவுச்சீட்டில் 23 என்று இருந்தது. பொறுப்பில் விடப்பட்ட குழந்தையின் மரணத்துக்காக 2013 ஜனவரி 9 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த வழக்கைப் பற்றி நிறைய எழுதப்பட்டு விட்டது. என் தொழில் காரணமாக எனக்கு உறுத்துவது அந்தப் பிறந்த திகதிதான். ஒரு கடதாசியில் ஆறு வருடத்தைக் கூட்டிப்போட்டால் பிள்ளை பெரியவளாகிப் போய்விட முடிந்தது. அவ்வளவு லேசாக இருந்தது போவது.

அதன் பிறகு சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போகும் ஆகக்குறைந்த வயது 25 ஆனது. 2022இல் நாட்டில் டொலர் இல்லாதபோது அமைச்சரவை அதை 21 ஆகக் குறைத்தது. வாசலின் உயரம் எமது பிள்ளைகளின் பாதுகாப்பை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. அந்த வருடம் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்து வேலைக்காக வெளியேறினார்கள்.

கஷ்டமான வாசல்

இனி மற்றப் பக்கம். கனடா 1967இலேயே புள்ளி முறையைக் கொண்டுவந்தது. நிறமும் நாடும் பார்க்காமல் படிப்பு, மொழி, வயது, தொழில் ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுப்பது. 2015இலிருந்து 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' என்ற முறை நடக்கிறது. மருமகனுக்கு அதை ஒரு கொப்பித் தாளில் இப்படி விளங்கப்படுத்தினேன்.

நாட்டுக்கு வெளியிலிருந்து தகைமையாளராக விண்ணப்பிக்க முதலில் 100க்கு 67 புள்ளி வேண்டும். ஐஈஎல்டிஎஸ் பரீட்சையில் நான்கு பகுதியிலும் 6 எடுக்க வேண்டும். தகைமைத் தொழிலொன்றில் ஒரு வருடமாவது தொடர்ச்சியான அனுபவம் வேண்டும். கடையில் நின்று விற்பது அந்தத் தரத்துக்குள் வராது. இங்கேயே அவன் நின்றுவிட்டான். கடையில் நின்ற அவனுடைய 8 வருடமும் அந்தக் கணக்கில் பூச்சியம்.

இதைத் தாண்டினால் இரண்டாவது கணக்கு. மொத்தம் 1,200 புள்ளி. அதில் வயதுக்கு, துணையோடு விண்ணப்பிப்பவருக்கு ஆகக்கூடியது 100. 29 வயது வரை முழுப் புள்ளி. 31இல் 90. 38இல் 55. 45இல் பூச்சியம். பட்டியலில் மேலே இருப்பவர்களை மட்டும் சுற்றுச் சுற்றாக அழைப்பார்கள். 2024இல் பொதுச் சுற்றுகளில் 500க்கு மேல் இருந்தவர்களே அழைக்கப்பட்டார்கள். முன்பு வேலை வாய்ப்புக் கடிதத்துக்கும் புள்ளி இருந்தது. போலிக் கடித வியாபாரம் பெருகியதால் 2025 மார்ச்சில் அதையும் எடுத்துவிட்டார்கள். யாராவது "ஜொப் லெட்டருக்குப் புள்ளி வரும்" என்று காசு கேட்டால் அவர் பழைய கதை சொல்கிறார்.

மற்ற நாடுகளும் இந்த வழிதான். அவுஸ்திரேலியாவின் தகைமை விசாவுக்கு 45 வயதுக்குள் இருக்க வேண்டும்; ஆகக்குறைந்தது 65 புள்ளி. பிரித்தானியா தகைமைத் தொழிலாளருக்கான பொதுச் சம்பள எல்லையை 2024 ஏப்ரலில் 26,200 பவுணிலிருந்து 38,700 ஆகவும், 2025 ஜூலையில் 41,700 ஆகவும் உயர்த்தியது. பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பதையும் அதே மாதம் நிறுத்தியது. அந்த வேலையை நம்பி முகவருக்குக் காசு கட்டியவர்கள் எனக்குத் தெரிய ஊரில் சிலர் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கஷ்டமான வாசலுக்கு அப்பால் வேறொரு உலகம் இருக்கிறது. கனடாவில் நிரந்தர வதிவிடம் கிடைத்தவர் 5 வருடத்துக்குள் 1,095 நாட்கள் அங்கே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வருடம். மச்சானின் 27 வருடத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

எமது தமிழ் அயலவர்களுக்கு ஏன் டொரொன்டோவிலும் பாரிஸிலும் உறவினர் இருக்கிறார்கள், எமக்கு ஏன் ஜித்தாவிலும் தோஹாவிலும் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கும் ஒரு பகுதி விடை இதில் உண்டு. 1983க்குப் பிறகு அவர்கள் உயிருக்குப் பயந்து அகதிகளாக மேற்கே போனார்கள். பட்ட துயரம் பெரியது. ஆனால் போன நாட்டின் சட்டம் அவர்களைக் குடிமக்களாக்கியது. குடிமகனானவர் குடும்பத்தை அழைத்தார். நாம் சம்பளத்துக்குப் போனோம், சம்பளம் முடிய வந்தோம்.

மாணவர் விசா என்ற இடைவழி

மாணவர் விசா குடியேற்றமல்ல, படிப்புக்கான தற்காலிக அனுமதி. படிப்பு முடிந்து, தகுந்த வேலை கிடைத்து, புள்ளி சேர்ந்தால்தான் மற்றக் கதை. கனடா 2024 ஜனவரியில் மாணவர் தொகைக்கு உச்சவரம்பு வைத்தது. வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய காசையும் 10,000 டொலரிலிருந்து 20,635 ஆகக் கூட்டியது, பிறகும் கூட்டியிருக்கிறது. கல்விக் கட்டணம் இதற்கு வேறாக. முகவர்கள் சிலர் இந்தக் காசைச் சில நாளுக்கு வங்கியில் 'காட்டித்' தருகிறார்கள். அது பொய்த் தகவல். கண்டுபிடித்தால் 5 வருடம் அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 38 வயதில் 5 வருடம் தடை என்றால் வயதுக்குரிய புள்ளியில் பெரும்பகுதி போய்விடும்.

பெயரும் நிக்காஹும்

வெளியில் சொல்லப்படாத இன்னொரு கஷ்டம் எமது கடதாசிகளில் இருக்கிறது. வெளிநாட்டுப் படிவம் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும். எமக்கு அப்படி ஒன்றில்லை. வாப்பாவின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். பிறப்புப் பதிவில் 'லெப்பை', அடையாள அட்டையில் 'லெவ்வை', பாடசாலைச் சான்றிதழில் இரண்டுமில்லை. முஹம்மது என்பதை ஒரே குடும்பத்தில் நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். எமக்கு அது எல்லாம் ஒரே ஆள். விசா அலுவலருக்கு அது நான்கு பேர்.

நிக்காஹும் அப்படித்தான். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதியவில்லை என்ற காரணத்தால் மட்டும் ஒரு விவாகம் செல்லுபடியற்றதாகாது. அதனால் பலர் பதிவதைத் தள்ளிப்போட்டு விடுகிறார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு மனைவியைக் கூப்பிடச் சான்றிதழ் தேவைப்படும்போதுதான் வந்து நிற்பார்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் நிலை இன்னும் பாரதூரமானது. சில மணி நேரத்தில் வீட்டை விட்டுப் போகச் சொன்னால் யார் பிறப்புச் சான்றிதழைத் தேடுவார்?

ஆகவே வெளிநாடு போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் பெயரை எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். நிக்காஹைப் பதியுங்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு.

ஹிஜ்ரத்தும் நாமும்

குடிபெயர்வைப் பற்றிப் பேசினால் எமது ஆலிம்கள் ஹிஜ்ரத்தை நினைவூட்டுவார்கள். சரிதான். ஆனால் மதீனாவுக்கு முன்பே முஸ்லிம்கள் அபிசீனியாவுக்குப் போனார்கள். அங்கே ஆண்டவர் கிறிஸ்தவ அரசர். குறைஷியர் அன்பளிப்புகளோடு ஆளனுப்பி அவர்களைத் திருப்பித் தரும்படி கேட்டார்கள். நஜ்ஜாஷி ஜஃபர் இப்னு அபீதாலிபின் பேச்சைக் கேட்ட பின்பு, கொடுக்க மறுத்தார். பலர் ஹிஜ்ரி 7 வரை அங்கேயே வாழ்ந்தார்கள். அவர்களைப் பாதுகாத்தது அந்த அரசரின் நீதி. எனவே "முஸ்லிம் நாடு எண்டா எங்களுக்கு லேசுதானே" என்று சொல்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அங்கே சட்டம் உங்களுக்கு என்ன உரிமை தருகிறது? மேற்கே பிள்ளைகளின் மார்க்கம் என்னவாகும் என்ற கவலை நியாயமானது. அதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் உம்மா ஜித்தாவில் வேலை செய்ய ஊரில் தாயில்லாமல் வளரும் பிள்ளையின் மார்க்கத்தையும் அதே கணக்கில் வைக்க வேண்டும்.

மற்றவர்களை மட்டும் குறை சொல்லவும் எமக்கு முடியாது. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்து கொழும்பில் கடை வைத்தவர்கள் ஒரு காலத்தில் விசா இல்லாமல்தான் வந்துபோனார்கள். குடித்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களுக்கு 'இந்தியச் சோனகர்' என்று தனி வரி இருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் அந்த வாசலை மூடின. மலையக மக்களில் இலட்சக்கணக்கானோர் அதே காலத்தில் நாடற்றவர்களானார்கள். இன்றும் இலங்கைக் குடியுரிமை பெரும்பாலும் பெற்றோர் வழியாகவே கிடைக்கிறது.

மருமகனின் கணக்கு

அன்றிரவு அவன் எழும்பப் போகும்போது நான் ஒன்று கேட்டேன்.

"உன்ட பொஞ்சாதிக்கு என்ன வயசு?"

"31 மாமா. ஏன்?"

அவள் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றவள். 6 வருடமாக அரச பாடசாலையில் ஆசிரியை. எங்கள் விண்ணப்பங்களில் எப்போதும் ஆணின் பெயரே முதலில் வருகிறது. ஆனால் கனடாவின் சட்டம் கணவன் மனைவி இருவரில் யாரும் பிரதான விண்ணப்பதாரியாகலாம் என்கிறது. கொப்பித் தாளில் அவளுடைய கணக்கைப் போட்டேன். வயதுக்கு 90. பட்டப்படிப்புக்குத் தனிப் புள்ளி. ஆசிரியத் தொழில் தகைமைத் தொழில்; 2025இல் கல்வித் துறையினருக்கெனத் தனிச் சுற்றும் கொண்டு வந்திருக்கிறார்கள். வாசல் திறந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலப் பரீட்சையில் மிக உயர்ந்த புள்ளி எடுத்தாலும் அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அரச வேலையும் ஓய்வூதியமும் போகும். அங்கே மறுபடி ஆசிரியையாக அந்தந்த மாகாணத்தின் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். ஆனால் பரீட்சைக் கட்டணமும் சான்றிதழ் மதிப்பீட்டுக் கட்டணமும் போதும். முதல் அடிக்கு வளவை விற்கத் தேவையில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். அவள் தாளை இரண்டு தரம் வாசித்தாள்.

"மாமா, வளவு என்ட. புள்ளியும் என்ட. போகணுமா எண்டு மட்டும் என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

மருமகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கேக்கிறன், இப்ப கேக்கிறன்" என்றான்.

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். உம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம். அவரை விட்டுப் போவதா என்பது எந்தப் புள்ளிக் கணக்கிலும் இல்லாத கேள்வி. இப்போதைக்கு ஆங்கில வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மருமகனும் கூடவே போகிறான், துணையின் ஆங்கிலத்துக்கும் சில புள்ளி உண்டு என்பதால். சப் ஏஜன்ட் இரண்டு தரம் தொலைபேசி எடுத்தாராம். வளவு இன்னும் அவளுடைய பெயரில்தான் இருக்கிறது.